கூத்துக்கும் ஒரு நாள் குறிக்க வேண்டும்

கேள்வி:

அன்புள்ள அக்கா,

எனக்கு 28 வயது. யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வீடு கொக்குவிலில். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மாயாஜாலக் கதைகள் என்றால் எனக்கு உயிர். நான்கு வருடமாக கொஸ்பிளே செய்கிறேன். அந்தக் கதைகளில் வரும் ஆக்களின் உடுப்பையும் கவசத்தையும் நானே செய்து போட்டுக்கொண்டு கொழும்பில் நடக்கும் நிகழ்வுகளுக்குப் போவேன். இப்போது செய்வது ஒரு வில்வீராங்கனையின் வேடம். மேலங்கியின் விளிம்பு மட்டும் எப்படித் தைத்தாலும் கோணலாக வருகிறது.

வேலை முடிந்து வீட்டுக்கு வர ஆறரை, ஏழு ஆகும். அம்மாவும் அப்பாவும் படுத்த பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தொடங்கினால் ஒரு மணி, இரண்டு மணி. காலையில் எழும்ப முடியவில்லை. அடிக்கடி தலையிடி. போன மாதம் கணக்கில் இரண்டு பிழை விட்டேன். கடைசி நிகழ்வுக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு எடுத்தேன். அன்றைய என் படத்தை அலுவலகத்தில் ஒருவர் இன்ஸ்டகிராமில் கண்டுவிட்டார். மனேஜர் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் முன்னைப்போல் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. "கலியாணம் பேசுற வயசிலை உந்தக் கூத்தை விடு" என்கிறார் அம்மா. இதையும் விட்டால் எனக்கென்று என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை. விடத்தான் வேண்டுமா அக்கா?

— பெயர் குறிப்பிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

விட வேண்டாம். இந்தப் பதில் தெரியாமல் மிச்சத்தை உங்களால் நிம்மதியாக வாசிக்க முடியாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இப்போது போகிற மாதிரியே போகவும் முடியாது. உங்கள் உடம்பு அதை ஏற்கெனவே சொல்லத் தொடங்கிவிட்டது.

முதலில் அந்தக் காய்ச்சல் லீவு. கடிதத்தின் நடுவில் ஒரு வரியில் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் பெரிதாகப் பட்டது. கணக்கில் இரண்டு பிழை யாருக்கும் வரும், திருத்திவிடலாம். கணக்குப் பிரிவில் இருப்பவரின் சொல்லில் சந்தேகம் விழுந்தால் அதைத் திருத்த நாள் எடுக்கும். இதில் எனக்குக் கவலை என்னவென்றால், அந்தப் பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. இலங்கையில் தனியார் அலுவலகங்களுக்குப் பொருந்தும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, முதல் வருடம் முடிந்த ஊழியருக்கு வருடத்தில் 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் கஷுவல் லீவும் உண்டு. கஷுவல் லீவு சுகவீனத்துக்கு மட்டும் உரியதில்லை. சொந்த அலுவலுக்கும் நியாயமான வேறு காரணத்துக்கும் அதை எடுக்கலாம். கொஸ்பிளே நிகழ்வு உங்கள் சொந்த அலுவல்தான். நல்லூர்த் தேருக்கு லீவு கேட்கும்போது எங்கள் ஊரில் யாரும் காய்ச்சல் என்று சொல்வதில்லை. தேர் என்றே சொல்லிக் கேட்கிறோம், கேட்கக் கூச்சப்படுவதும் இல்லை. நீங்கள் கூச்சப்பட்டிருக்கிறீர்கள். அந்தக் கூச்சத்தைப் பற்றிப் பிறகு கதைப்போம்.

மனேஜரிடம் நீங்களாகவே போங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மாத முடிவு வேலை இல்லாத ஒரு நாளாகப் பார்த்து, ஐந்து நிமிடம் கேளுங்கள். "போன மாதம் காய்ச்சல் என்று சொன்னது உண்மை இல்லை. கொழும்பில் ஒரு நிகழ்வுக்குப் போனேன். கேட்டால் தரமாட்டீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். இனி உள்ளதைச் சொல்லிக் கேட்பேன்." இவ்வளவும் போதும். கொஸ்பிளே என்றால் என்ன என்று விளங்கப்படுத்தத் தொடங்காதீர்கள், அழவும் வேண்டாம். அந்த லீவை வருடாந்த லீவில் கழித்துக்கொள்ளும்படி சொல்லலாம். அவர் கோபப்பட்டால் படட்டும். அவர் ஒன்றும் பேசாமல் இருக்கிற இந்த நிலையில் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போய் வருவதைவிட அது லேசாக இருக்கும். உங்கள் களைப்பில் ஒரு பங்கு நித்திரைக் குறைவால் வந்ததே இல்லை என்று நினைக்கிறேன். ஒளித்து வைத்திருப்பதும் ஆளைக் களைக்க வைக்கும்.

சரி, இனி அம்மா சொன்ன சொல்லுக்கு வருகிறேன்.

'கூத்து' என்று அம்மா சொன்னது ஏச்சாகத்தான். ஆனால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் வெகுநேரம் யோசித்தேன். என் பெரியப்பா ஒருவர் கூத்தாடியவர். வலிகாமத்தில் வெங்காயத் தோட்டம் செய்தவர். காத்தவராயன் கூத்துப் பழகும் காலத்தில், பின்னேரம் தோட்டத்தால் வந்து, குளித்துச் சாப்பிட்டு, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொன்ன இடத்துக்குப் போய்விடுவார். பாட்டும் ஆட்டமும் பழகுவது வாரக்கணக்கில் நடக்கும். அரங்கேற்ற இரவில் விடிய விடிய ஆடுவார்கள். முடியும் மணியும் காகிதத்தில் செய்து மினுங்கல் ஒட்டிய தோளணியும் போட்டுக்கொண்டு அவர் வந்து நிற்கும்போது, சின்னப் பிள்ளையாக இருந்த எனக்கு அது பெரியப்பா என்றே தெரியாது. அடுத்த நாள் கண் சிவக்கச் சிவக்கத் தோட்டத்துக்கு இறைக்கப் போவார். அதற்கடுத்த நாள் தொடக்கம் வழமைபோல் நேரத்துக்குப் படுப்பார். வாடகைக்கு எடுத்த உடுப்பு திரும்பிப் போய்விடும். இனி அடுத்த கூத்துக்கு அண்ணாவியார் கூப்பிடும்வரை அவர் வெங்காயக்காரன்.

வேறொருவராக வேடம் போட்டு நிற்கும் ஆசை எங்களுக்குப் புதிது இல்லை. காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திரனைப் பார்க்க வடபகுதி முழுக்க விடியும்வரை விழித்திருந்தது. உங்கள் கொஸ்பிளேயின் வரலாற்றிலும் அதே ஆசைதான். 1939இல் நியூயோர்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபொரஸ்ட் அக்கர்மனும் மேர்ட்டல் டக்ளசும் எதிர்காலத்து மனிதர்களின் உடுப்பில் போனார்கள். இரண்டு உடுப்பையும் தைத்தவர் மேர்ட்டல். கொஸ்பிளே என்ற பெயர் பிறக்கப் பல வருடம் முந்திய கதை இது. கொழும்பில் கொஸ்பிளேக்காரர் கூடும் லங்கா கொமிக் கொன் தொடங்கியது 2015இல்தான். யாழ்ப்பாணத்தில் ஃபோமில் கவசம் வெட்டும் ஒரு பெண்ணைப் பார்த்து அயல் சனம் ஒரு மாதிரிப் பார்ப்பது, அது கண்ணுக்குப் பழகாததால். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெரியப்பாவுக்கு இருந்து உங்களுக்கு இல்லாதது ஒன்று உண்டு. அவருடைய கூத்துக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் இருந்தன. அவற்றைக் குறித்தது அவரில்லை, ஊர் குறித்தது. உங்கள் வேடத்துக்கு அண்ணாவியார் இல்லை. எந்த இரவும் பழகும் இரவாகலாம், எந்த இரவும் முடிவாகாது. ஒரு தோள்கவசம் முடிந்தால் அதைவிட வடிவான ஒன்று யாரோ செய்த படம் கைபேசியில் வந்து நிற்கும். அதைப் பார்த்துவிட்டு முடித்ததைப் பிரித்துத் திரும்பத் தொடங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். கடிதத்தில் நீங்கள் அப்படி எழுதவில்லை. ஆனால் இரண்டு மணிவரை இருப்பவர்களிடம் நான் கேட்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஏன் இரவில்? அம்மா அப்பா படுத்த பிறகு என்று எழுதியிருக்கிறீர்கள். கொக்குவிலுக்கு நகரத்திலிருந்து கால் மணித்தியாலம் போதும். ஆறரை, ஏழுக்கு வீட்டில் என்றால் ஆறு மணிக்கும் பிறகுதான் கதிரையால் எழும்புகிறீர்கள். நான் சொன்ன அதே சட்டத்தில் சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. மாத முடிவில் நான்கு நாள் பிந்துவது வேறு. ஒவ்வொரு நாளும் என்றால் அந்த நேரத்தில் என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள். பகல் முழுக்க அலுவலகத்துக்கு, பின்னேரம் வீட்டுக்கு என்று போய்விட்டால், தனக்கென்று ஒரு மணித்தியாலம்கூட இல்லாதவர் நித்திரையில்தான் களவெடுப்பார். பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு ஒரு மணிவரை நாடகம் பார்க்கும் தாய்மார் இதையேதான் செய்கிறார்கள். அவர்களுக்கு நாடகத்தில் பைத்தியம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. வளர்ந்த ஒருவருக்கு 7 மணித்தியால நித்திரையாவது வேண்டும். உங்களுக்கு நான்கு, ஐந்துதான் கிடைக்கிறது. கணக்கில் வந்த பிழைக்குக் காரணம் கொஸ்பிளே என்று மனேஜர் நினைக்கலாம். நான் நித்திரையைத்தான் சொல்வேன்.

கனடாவில் ரொபேர்ட் வலராண்ட் என்ற உளவியலாளர் பிடித்தமான காரியங்களில் மனிதர்கள் ஈடுபடும் விதத்தை 2003இல் இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒரு வகையில், ஆள் அந்தக் காரியத்தை விரும்பிச் செய்வார். அது அவருடைய வேலை, வீடு, நட்பு எல்லாவற்றோடும் சேர்ந்து இருக்கும். வேண்டியபோது நிறுத்தவும் முடியும். மற்ற வகையில் அந்தக் காரியம் ஆளைப் பிடித்துக்கொள்ளும். செய்யாவிட்டால் குற்ற உணர்ச்சி, செய்தாலும் மற்ற வேலை கிடக்கிறதே என்ற குற்ற உணர்ச்சி. ஒரே காரியம், ஒரே ஆளிடம்கூட, இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கம் சாயவும் செய்யலாம். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அறிய ஒரு கேள்வி போதும். கடைசியாக எப்போது, "இன்றைக்கு இவ்வளவு காணும்" என்று கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சந்தோஷமாகப் படுத்தீர்கள்? உடனே ஒரு நாள் ஞாபகம் வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. யோசித்து யோசித்தும் வராவிட்டால், கீழே சொல்வதைக் கட்டாயம் செய்யுங்கள்.

ஒரு கிழமைக்கு மட்டும், கொப்பியில் நேரம் எழுதுங்கள். நீங்கள் கணக்குக்காரி, இது உங்களுக்குக் கஷ்டமில்லை. வெட்டியது, ஒட்டியது, தைத்தது, வர்ணம் பூசியது எல்லாம் ஒரு பக்கம். மற்றவர்களின் படம் பார்த்தது, குழுவில் பதில் எழுதியது, யார் என்ன சொன்னார்கள் என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது மற்றப் பக்கம். அலுவலக மேசையில் இருந்து பார்த்ததையும் ஒளிக்காமல் எழுதுங்கள், அதை நீங்கள் மட்டும்தான் பார்க்கப் போகிறீர்கள். நான்கு மணித்தியாலம் கவசம் செய்தேன் என்று சொல்பவர்களின் கொப்பியில் கையால் செய்த நேரம் ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டாததை நான் கண்டிருக்கிறேன். வேலைக் களைப்பு எப்படித் தீருகிறது என்று ஆராய்ந்த ஜேர்மன் உளவியலாளர் சபீனே சொனென்ராக், சும்மா இருந்து ஓய்வெடுப்பதோடு வேறு சிலவற்றையும் சேர்க்கிறார். மனம் வேலையை விட்டு விலகுவது, ஒரு கைத்தொழிலோ கலையோ பழகித் தேர்வது, அந்த நேரம் தன் கையில் இருப்பது. ஃபோமைச் சூடாக்கி வளைத்துத் தோளில் பொருந்தப் பண்ணும்போது உங்களுக்கு இந்த மூன்றும் கிடைக்கிறது. மற்றவர்களின் கவசத்தோடு உங்களுடையதை ஒப்பிட்டுக்கொண்டு இரவு ஒரு மணிக்குக் கிடக்கும்போது ஒன்றும் கிடைப்பதில்லை. எதைக் குறைக்க வேண்டும் என்பதைக் கொப்பியே காட்டும்.

பிறகு அண்ணாவியார் வேலையை நீங்களே செய்யுங்கள். அடுத்த நிகழ்வின் திகதியைக் கலண்டரில் குறியுங்கள். அதற்குப் பத்து நாள் முன்னதாக இன்னொரு திகதி குறித்து, அன்றோடு வேடம் முடிந்தது என்று வையுங்கள். அன்றைக்கு எது முடிந்திருக்கிறதோ அதுதான் வேடம். கிழமையில் மூன்று பின்னேரம், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக, பத்தரை மணிவரை. மற்ற நான்கு நாளும் பெட்டி கட்டிலுக்குக் கீழே இருக்கட்டும். மாத முடிவுக் கிழமையில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒரு பெரிய வேடம் போதும் என்பது என் எண்ணம். இரண்டாவது நிகழ்வுக்குப் பழையதைத் திருத்திப் போடலாம். வேண்டுமென்றால் நண்பர்களிடம் மாறி வாங்கலாம், பெரியப்பாவின் சபையும் ஒவ்வொரு கூத்துக்கும் புது முடி செய்யவில்லை.

தலையிடியைப் பற்றி. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நுளம்புக்குப் பயந்து யன்னலையும் சாத்தியிருப்பீர்கள். கவசத்துக்கு ஃபோம் ஒட்டுவது செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் அந்த மஞ்சள் பசையால்தானே? அந்த மாதிரிப் பசைகளில் தொலுயீன் போன்ற கரைப்பான்கள் இருக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் அந்த ஆவியைச் சுவாசித்தால் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் எல்லாம் வரும். அதே அறையில் பிறகு படுக்கவும் செய்கிறீர்கள். ஃபோமைச் சூடாக்கும்போது வரும் புகையும் நல்லதில்லை. இந்த இரண்டு வேலையையும் இனி விறாந்தையிலோ முற்றத்திலோ, பகல் வெளிச்சத்தில், சனி ஞாயிறில் மட்டும் செய்யுங்கள். தூசுக்குப் போடும் சாதாரண மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. வேலை முடிந்தாலும் பசை முழுக்கக் காயும்வரை அந்தத் துண்டுகளை அறைக்குள் கொண்டுவராதீர்கள். இரண்டு கிழமை இப்படி இருந்தும் தலையிடி நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள், கண்ணையும் சோதியுங்கள்.

கொழும்புப் பயணத்தையும் சரியாகத் திட்டமிடுங்கள். கொழும்பில் இருப்பவர் நிகழ்வுக்கு ஓட்டோவில் போய்விட்டுப் பின்னேரம் வீட்டில் தேத்தண்ணி குடிப்பார். உங்களுக்குப் போக ஒரு இரவு, வர ஒரு இரவு. ஞாயிறு இரவு ரயிலில் கவசப் பெட்டியைக் காலுக்குள் வைத்துக்கொண்டு இருந்து வந்து திங்கள் காலை கணக்குப் பார்க்கப் போனால் பிழை வராமல் என்ன செய்யும்? நிகழ்வு சனி ஞாயிறில் என்றால் லீவு கேட்க வேண்டியது திங்களுக்கு. அதை ஒரு மாதம் முன்னதாகவே கேளுங்கள்.

"இதையும் விட்டால் எனக்கென்று என்ன மிச்சம்" என்ற உங்கள் வரியை நான் மூன்று தரம் வாசித்தேன். மாயாஜாலக் கதை வாசிப்பவர்களை உலகத்தை விட்டு ஓடுபவர்கள் என்று திட்டுவது பழைய வழக்கம். அந்த நியூயோர்க் மாநாடு நடந்த அதே 1939ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தில் ஆற்றிய உரையொன்றில், 'த ஹொபிட்' என்ற மாயாஜாலக் கதையை எழுதிய பேராசிரியர் ரொல்கீன் இதற்குப் பதில் சொன்னார். சிறையில் இருப்பவன் தப்ப நினைப்பதையும், படையை விட்டு ஒருவன் ஓடிப்போவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்பது அவருடைய வாதம். அதனால் உங்களிடம் நேராகக் கேட்கிறேன். அலுவலகமும் வீடும் உங்களுக்குச் சிறையாகத் தெரிகின்றனவா? வேலை பிடிக்காமலா, வேலையில் ஒருவரைப் பிடிக்காமலா, கலியாணப் பேச்சு மூச்சு முட்டுகிறதா? வேடத்தை அளவோடு வைத்துக்கொண்ட பிறகும் விடியற்காலையில் நெஞ்சு கனத்தால், அல்லது வேடம் செய்வதிலும் சந்தோஷம் இல்லாமல் போனால், நேரே போய் ஒரு உளவளத்துணையாளரிடம் கதையுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே யாருடனாவது கதைக்க வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கம் இரவு பகல் எப்போதும் வேலை செய்யும்.

கலியாணத்தைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன். படங்களை அழிக்காதீர்கள். பேசி வருகிறவரிடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். வீட்டில் ஃபோமும் பசையும் நூலும் கிடக்கப் போகிறது என்பதை, அந்த வீட்டில் இருக்கப் போகிறவர் முன்னமே அறிய வேண்டும்.

அம்மாவோடு கதைக்க வேண்டியது வேறு. நள்ளிரவில் தைக்கும்போது எந்த மெஷினில் தைக்கிறீர்கள்? அது அம்மாவின் மெஷின் என்றால், அவர் படுத்த பிறகு அவர் மெஷின் ஓடும் சத்தத்தை அடுத்த அறையில் கேட்டுக்கொண்டு அவர் முழித்துத்தான் இருப்பார். மகள் நித்திரை கொள்ளவில்லை என்று தெரிந்தால் தாய்க்கு நித்திரை வராது. விடியக் காலையில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கோபத்தைக் 'கூத்து' என்ற ஒரு சொல்லில் கொட்டுகிறார். நான்கு வருடத்தில் ஒருதரமாவது வேடம் முழுவதையும் போட்டு அம்மா முன் நின்றிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. கொழும்பில் முகம் தெரியாத சனத்துக்குக் காட்டியதை உங்கள் வீட்டு நடுவறையில் காட்ட வெட்கப்படுகிறீர்கள். காய்ச்சல் என்று சொல்ல வைத்ததும் அதே கூச்சம்தான்.

இந்த ஞாயிறு பின்னேரம், பகல் வெளிச்சம் இருக்கும்போது, அந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் விளிம்பைக் காட்டுங்கள். வட்டமாக வெட்டிய துணியை வெட்டிய உடனே மடித்துத் தைத்தால் கோணல் வரத்தான் செய்யும். மூலைவாட்டில் வெட்டுப்பட்ட இடங்கள் பாரத்தில் இழுபட்டு இறங்கும். ஒரு இரவு முழுக்கக் கொழுவித் தொங்கவிட்டு, இறங்கியதை அளந்து வெட்டிவிட்டுத்தான் மடிக்க வேண்டும். பாவாடை தைத்த கை என்றால் அம்மாவுக்கு இது தெரிந்திருக்கும். நான் சொன்னேன் என்று சொல்லாமல், அவரிடமே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா